செங்கொம்பனின் வலது முன்னங்கால்

என் உத்தியோகம் மிருகமாக இருப்பது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, விரக்தியிலும் சொல்லவில்லை. தினமும் காலையில் சரவணம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்றாவது மாடிக்கு ஏறி, கழுத்து அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து, சட்டையைக் கழற்றிவிட்டு உடுப்பை மாட்டிக்கொள்கிறேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நாலு கால், ஒரு வால், இரண்டு கொம்போடு நின்று அடிவாங்குகிறேன். நியமன உத்தரவில் ‘உயிரின இயக்க நிபுணர்’ என்று போட்டிருக்கிறது. மாமனார் வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறோம். அவர் அதைக் கால்நடைத் துறை என்று எடுத்துக்கொண்டார். போன பொங்கலுக்குப் போனபோது அவர் வீட்டு எருமைக்குச் சினை பிடிக்காததைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் ஆலோசனை கேட்டார். நானும் வெட்கமில்லாமல் சொன்னேன்.

விளையாட்டின் பெயர் ‘மாவேட்டை’. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டைக்காரர்கள் ஆளுயரக் கத்தியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வருவார்கள். அங்கே மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு மிருகம் நிற்கும். அதைக் கொன்று, தோலையும் கொம்பையும் எடுத்து இன்னும் பெரிய கத்தி செய்துகொண்டு, இன்னும் பெரிய மிருகத்தைத் தேடிப் போவார்கள். இதைத் தாண்டி அதில் தத்துவம் ஒன்றும் கிடையாது.

முன்பெல்லாம் மிருகங்களைக் கம்ப்யூட்டரே ஓட்டியது. வேட்டைக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. புது மிருகம் வந்த வாரத்திலேயே அது எப்போது வாலைச் சுழற்றும், எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்டுபிடித்து வீடியோ போட்டுவிடுவார்கள். செயற்கை அறிவை விட்டுப் பார்த்தார்கள். அது ரொம்பவும் நன்றாக விளையாடியது, ஒருத்தராலும் ஜெயிக்க முடியவில்லை. கொஞ்சம் குறைத்தால், விட்டுக்கொடுப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில், இயல்பாகவே தப்பு செய்யவும் பயப்படவும் தெரிந்த ஜீவன் வேண்டும் என்று முடிவுக்கு வந்து ஆள் எடுத்தார்கள். மருந்துக் கம்பெனி ரெப்பாக டாக்டர்கள் வாசலில் பாதி ஆயுளைக் கழித்து, அந்த வேலையையும் இயந்திரத்துக்குப் பறிகொடுத்துவிட்டு நின்ற எனக்கு நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

“மிஸ்டர் சென்னியப்பன், திடீர்னு யாராச்சும் அடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“கத்துவேனுங்க,” என்றேன்.

எடுத்துக்கொண்டார்கள்.

உடுப்பு என்பது முழுக்கை வைத்த கனமான சட்டை. உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன இயந்திர முட்டிகள். வேட்டைக்காரன் மிருகத்தை எங்கே அடிக்கிறானோ அந்த இடத்து முட்டி நம்மைக் குத்தும். அப்போதுதான் நாம் துள்ளுவது நிஜமாக இருக்குமாம். காட்டைக் காட்டும் திரையோடு ஒரு முகமூடி, அதில் வாய்க்கு முன்னால் ஒரு மைக் இருக்கும். அதில் என்ன கத்தினாலும் காட்டில் உறுமலாகக் கேட்கும். “ஐயோ அம்மா” என்றால் மலை அதிரும். “உன் தலையில் இடி விழ” என்றால் பறவைகள் கூட்டமாகப் பறக்கும். என்னுடைய மிருகத்தின் பெயர் செங்கொம்பன். ரசிகர் மன்றப் பக்கத்தில் அதன் உறுமலுக்குத் தனி மதிப்பு உண்டு. ‘என்னா வெறி, என்னா கம்பீரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் குறிப்பிட்ட இடத்தில் நான் சொன்னது “டேய் டேய் டேய், வேண்டாம்டா சாமி.”

முதல் வாரத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். வேட்டை தொடங்கும் முன்னால் வரிசையில் நிற்கும் வேட்டைக்காரர்களின் கத்தி எங்களுக்கு ஒரு கணம் காட்டப்படும். கத்தி எவ்வளவு கூர்மை என்பதற்கு நிறம் உண்டு. வெள்ளை என்றால் உச்சக் கூர்மை. அப்புறம் நீலம், பச்சை, மஞ்சள். சிவப்பு என்றால் சுத்தமாக மழுங்கல். அடிக்க அடிக்கக் கத்தி மழுங்கிக்கொண்டே வரும். வேட்டைக்காரன் நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து சாணைக்கல்லில் தேய்த்துக்கொள்ள வேண்டும். வேட்டை தொடங்கிய பிறகு நிறம் எங்களுக்குத் தெரியாது. உடம்பு சொல்வதுதான். யாரோடு மோதுவது என்பதை மட்டும் நாங்களே தேர்ந்தெடுக்கலாம்.

நான் யோசித்தேன். யோசித்தது என்று அதைச் சொல்லலாமென்றால். வெள்ளைக் கத்தி வெட்டும், சிவப்புக் கத்தி வெட்டாது. ஆகவே சிவப்புக் கத்திக்காரனாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தால் சொகுசாக ஒப்பேற்றலாம். மற்ற மிருகங்கள் எல்லாம் வெள்ளைக் கத்திக்கு அடித்துப்பிடித்துக்கொண்டு போக, இத்தனை அசடுகளா என்று மனசுக்குள் சிரித்தபடி, நான் நாள் முழுக்கச் சிவப்பாகவே பொறுக்கினேன். சாயங்காலம் வீட்டில் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. என் மனைவி கோகிலவாணி டம்ளரை என் வாயில் வைத்துப் புகட்டினாள். புகட்டும்போது சிரிப்பை அடக்க அவள் எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

மறுநாள் எங்கள் தொழில்நுட்ப ஆள் பெனடிக்டிடம் போய் நின்றேன். என்னைவிட வயதில் சின்னவன், உடுப்புகளைப் பழுது பார்ப்பவன்.

“ஏனப்பா பெனடிக்ட், மழுங்கின கத்திக்கு இந்த அடியா?”

“ஏனுங்ணா, வீட்ல தக்காளி அறுத்திருக்கீங்களா?”

“கோகிலாதான் அறுப்பா.”

“சரிப் போச்சு. மொன்னைக் கத்தியில தக்காளி அறுத்தா நசுங்கும், அறுபடாது. கத்தியோட பலம் ஒண்ணு, கூர்மை ஒண்ணு, அடிபடற எடத்துத் தோல் எவ்வளவு இளக்கம்ங்கறது ஒண்ணு. மூணையும் பெருக்கினா வர்றதுதான் டேமேஜ். பெருக்கினது ஒரு அளவுக்குக் கீழ போயிருச்சுன்னா கத்தி உள்ள எறங்காது, எகிறிரும். எறங்கினா அந்தப் பலமெல்லாம் வெட்டுல செலவாயிரும், உங்களுக்கு ஒரு கிள்ளுதான். எகிறினா அத்தனையும் அதிர்ச்சியா உங்க மேலதான் வந்து விழுகும்.”

“அப்ப நான் தக்காளி?”

“ஆமாங்ணா. அதும் நாள் முழுக்க மொன்னைக் கத்தியே கேட்டு வாங்கின தக்காளி.”

“இதைக் கம்மி பண்ண முடியாதா?”

“ஒரு அடிக்கு இவ்வளவுதான் இருக்கோணும்னு விதி இருக்குதுங்ணா. அதுக்குள்ளதான் இருக்குது. கூர்க் கத்திக்காரன் கொஞ்ச நேரத்துல உங்களைக் கொன்னுட்டுப் போயிருவான். மொன்னைக் கத்திக்காரன் ஒரே எடத்துல எத்தன வாட்டி அடிப்பான்னு யாரும் கணக்குப் போடலை.”

அதாவது கூர்மை என்பது மிருகத்துக்குக் கருணை. இந்த உண்மையை எங்கள் மாடியில் என்னைத் தவிர எல்லாருக்கும் முதல் நாளே தெரிந்திருந்தது. பறக்கும் மிருகத்தை ஓட்டும் திலகவதியக்கா, முன்பு கைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர், இதற்காக ஒரு வழக்கத்தையே ஏற்படுத்தி வைத்திருந்தார். வேட்டைக்காரன் முட்டி போட்டுச் சாணை பிடிக்க உட்கார்ந்தால் எந்த மிருகமும் அவனைத் தொடக் கூடாது. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்து உறும வேண்டும். அவன் எழுந்திருக்கும் வரை உறும வேண்டும். சாணை மரியாதை என்று அதற்குப் பெயர்.

“நிம்மதியா தேய்க்கட்டும், சென்னி. அவன் நல்லாத் தேய்ச்சாத்தான் நம்ம பொழப்பு ஓடும்,” என்பார் அக்கா.

வேட்டைக்காரர்களுக்கு இது புரியவில்லை. அவர்கள் இணையப் பக்கத்தில் இதற்குப் பெரிய பெரிய விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயுதம் இல்லாத வீரனைத் தாக்காத பண்டைய மிருக தர்மம் என்று ஒருவர் நீளமாக எழுதி, அதைப் பலர் கண்ணீரோடு பகிர்ந்திருந்தார்கள். எங்களுக்கு முதுகு வலி என்பதை யாரும் ஊகிக்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ‘மருதாணி’ வந்தது.

மருதாணி என்பது ஒரு வேட்டைக்காரரின் பெயர். முகம் மூடிய இரும்புக் கவசம், உள்ளே யார் என்று தெரியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடும். மற்றவர்கள் எந்த மிருகம் கிடைத்தாலும் போவார்கள். இது மட்டும் செங்கொம்பன்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும். அப்படிக் கேட்டால் நாங்கள் மறுக்க முடியாது. கத்தி எப்போதும் சிவப்பு. நேராக வந்து என் வலது முன்னங்காலின் எதிரே நின்றுகொள்ளும். மெதுவாகக் கத்தியைத் தூக்கும். ணங்! எகிறும். மறுபடி தூக்கும். ணங்! தலை இல்லை, வயிறு இல்லை, வால் இல்லை, வலது முன்னங்கால் மட்டும். செங்கொம்பனின் உடம்பிலேயே தோல் தடித்த இடம் அதுதான். அது என்னுடைய வலது முன்கை.

ஒரு நாளாவது முட்டி போட்டு உட்கார்ந்து கத்தியைத் தேய்க்குமா? தேய்க்காது!

காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு வரும் தண்டச்சோறு ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். மைக்கில் என்னால் ஆன மட்டும் எடுத்துச் சொன்னேன். “அடேய் பாவி, சாணை புடிடா! உனக்குக் கோடிப் புண்ணியம்டா! கை போகுதுடா!” காடு கிடுகிடுத்தது. மருதாணி கொஞ்சம் நின்று, தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டுவிட்டு, இன்னும் ஆசையாக அடித்தது.

பேச்சு எடுபடாததால் செய்து காட்டினேன். பாறை ஒன்றின் பக்கத்தில் போய் என் கொம்பைச் சாணை பிடிப்பது போல இப்படியும் அப்படியும் தேய்த்தேன். நிறுத்தி மருதாணியைப் பார்த்தேன். மறுபடி தேய்த்தேன். ஒரு மிருகத்தால் இதைவிடத் தெளிவாகப் பாடம் நடத்த முடியாது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ‘செங்கொம்பனுக்குக் கொம்பில் அரிப்பு’ என்ற தலைப்பில் அந்த வாரம் தமிழ்நாடே பார்த்தது. இனப்பெருக்கக் காலமாக இருக்கலாம் என்று கீழே ஒரு நிபுணர் எழுதியிருந்தார். கோகிலா அதைத் தன் அலைபேசியில் சேமித்து வைத்து, மனசு சரியில்லாத நேரத்தில் எடுத்துப் பார்க்கிறாள்.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. விரல்கள் இருந்தன, பொத்தான் இருந்தது, இரண்டும் சந்தித்துக்கொள்வது எனக்குத் தெரியவில்லை. கோகிலா வந்து போட்டுவிட்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

“ஏனுங்க, இந்தக் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்குது?”

“தண்ணியில கழுவுனேன்.”

“பொய் சொல்றதுக்காவது மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்கோங்க. வேலைய விட்டுருங்க.”

விட்டுவிட்டு எங்கே போவது? என் வயசில் அடிவாங்குவதற்குக் கூட ஆள் எடுப்பது அந்த ஒரு கம்பெனிதான். அதிலும் மாதக் கடைசியில் உடம்புப் பரிசோதனை உண்டு. உடம்பில் எந்த இடமாவது மரத்துவிட்டது என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உணர்ச்சி இல்லாதவனால் மிருகமாக இருக்க முடியாது என்பது கம்பெனியின் கொள்கை. அந்த மருதாணியை மட்டும் என்னிடமிருந்து விலக்கிவிட்டால் கையும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். பெனடிக்டைப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“அந்தத் தறுதலை யாருன்னு பார்த்துச் சொல்லு. ஒண்ணு அதுக்குச் சாணை புடிக்கச் சொல்லிக் குடு, இல்லாட்டித் தடை போட்டு உடு.”

பெனடிக்ட் திரையைத் தட்டிப் பார்த்தான். தட்டுவதை நிறுத்தினான்.

“ணா, இது வீட்லருந்து வர்ற கனெக்‌ஷன் இல்லீங்ணா. ஆஸ்பத்திரி பிசியோதெரபி வார்டு. அங்க ஒரு பத்து பேரு நம்ம கேம் வெச்சுப் பயிற்சி எடுக்கறாங்க. இது ரமீஜான்னு ஒரு அக்கா. குனியமுத்தூர்ல பியூட்டி பார்லர் வெச்சிருந்தவங்க. பக்கவாதம் வந்து வலது கை மரத்துப் போச்சு.”

“சரி, அதுக்கு?”

“கத்தி சிவப்புல இருக்கறது அவங்க சோம்பேறித்தனம் இல்லீங்ணா. பிசியோதெரபிஸ்ட் வேணும்னுதான் அப்படியே உட்டிருக்காரு. கூர்க் கத்தி சும்மா எறங்கிரும், கைப்பிடிக்கு ஒண்ணும் தெரியாது. எகிறுனாத்தான் கைப்பிடி அதிரும். அந்த அதிர்ச்சி போய்ப் போய்த்தான் மரத்த நரம்பு முழிக்குமாம்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு தறுதலையைத் திட்டிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒரு நோயாளியைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் மனுஷன் என்ன செய்வான்?

“அப்படின்னா ஒரு செவுத்தை அடிக்கச் சொல்லேன். கம்ப்யூட்டர் மிருகத்தை உடேன். அதும் எகிறும்தானே?”

“உட்டுப் பார்த்திருக்காங்க. ரெண்டு நாள்ல வரவே மாட்டேன்னுட்டாங்களாம். இங்க எழுதியிருக்குது பாருங்க, அவங்க சொன்னது.” அவன் வாசித்துக் காட்டினான். “‘என் கை இருக்குதான்னே எனக்குத் தெரியறதில்ல. அந்தக் கொம்பன் கத்தும்போதுதான் நான் அடிச்சது எங்கியோ ஒருத்தனுக்குப் பட்டிருக்குன்னு தெரியுது.’ உங்க கத்தலுக்குத்தான் வர்றாங்க, ணா.”

நான் கத்தியதில் பாதி கெட்ட வார்த்தை. இன்னொரு பாதி அவர்கள் பரம்பரையைப் பற்றியது. அதைக் கேட்டு ஒரு பெண்ணின் கை முழித்துக்கொண்டிருந்தது என்பதை நினைக்க எனக்கு வெட்கமாகவும், சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என்னுடைய பேச்சை மதித்து இதுவரை ஒரு டாக்டர்கூட மருந்து எழுதியது இல்லை.

வீட்டில் கோகிலாவிடம் சொன்னேன். சாகசம் செய்தவனைப் போலத்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு வெங்காயம் அரிவதை நிறுத்தினாள்.

“அந்தப் புள்ளைக்குக் கை வேணும், சரி. எனக்குப் புருஷனோட கை வேண்டாமா?”

“கொஞ்ச நாள் கோகிலா. சாணை புடிக்கறதுக்குக் கல்லை வெரல்ல இறுக்கிப் புடிக்கோணும். அந்தப் பொண்ணு அதை என்னைக்குச் செய்யுதோ அன்னைக்குக் கை தேறிருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே நான் வேற மிருகத்துக்கு மாத்திக் கேட்டுக்கறேன்.”

“அதுக்குள்ள உங்களுது போயிருச்சுன்னா?”

“போகாது. எனக்கு உடம்பு இப்பப் பழகிருச்சு. முன்ன மாதிரி வலிக்கறதே இல்ல.”

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. வர வர மருதாணியின் அடி என்னை முன்போல உலுக்கவில்லை. திடமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். திலகவதியக்காவிடம்கூட, “பயிற்சிதானக்கா எல்லாம், உடம்பு இரும்பாயிருச்சு,” என்று சொல்லிக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கையை விட்டுவிட்டுத் தன் உடுப்பை மாட்டப் போய்விட்டார். பொறாமை என்று முடிவு செய்தேன்.

பின்னொரு மத்தியானம் அது நடந்தது. மருதாணி வந்தது, என் காலெதிரே நின்றது, ஆனால் கத்தியைத் தூக்கவில்லை. தடுமாறித் தடுமாறி முட்டி போட்டு உட்கார்ந்தது. இடுப்பிலிருந்து கல்லை எடுத்தது. கல் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தது. தேய்க்க ஆரம்பித்தது!

என்னுடைய சொந்த மகள் முதல் அடி எடுத்து வைத்தபோது நான் வாடிப்பட்டியில் ஒரு டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், பார்க்கவில்லை. இதைப் பார்த்தேன். முறைப்படி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்து உறுமினேன். “தேய் தாயே, தேய்! நல்லாத் தேய்! இன்னும் கொஞ்சம்!” என்று கத்தினேன். கண்ணில் நீர் வழிந்து முகமூடிக்குள் எதுவும் தெரியவில்லை. அவள் எழுந்து அடிக்க ஆரம்பித்ததை நிழல் அசைவில்தான் அறிந்தேன். நான் வானத்தைப் பார்த்தபடியே நின்றேன். கிள்ளுக்காகக் காத்திருந்தேன். கிள்ளுகூட வரவில்லை. அப்பேர்ப்பட்ட கூர்மை! நேரம் முடிந்து திரை அணையும் வரை பூ விழுந்தது போலக்கூட ஒன்றும் படவில்லை.

உடுப்போடு பெனடிக்டிடம் ஓடினேன்.

“ஜெயிச்சுட்டா, பெனடிக்ட்! வெள்ளைக்குக் கொண்டாந்துட்டா! என்ன கூருங்கறே! பட்டதே தெரியலை!”

அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

“ணா, கல்லை ரெண்டு இழுப்புத்தான் இழுக்க முடிஞ்சிருக்குது. கத்தி சிவப்புலயேதானுங்ணா இருந்துச்சு.”

“இல்லப்பா, சரியாப் பாரு. வெள்ளை.”

“வெள்ளைக் கத்தியா இருந்தா நீங்க செத்திருக்கோணுமில்லீங்ணா. நீங்க இன்னும் சாகவே இல்லீங்களே.”

அவன் இதைத் தமாஷாகச் சொல்லவில்லை. அத்தனை அடியும் எகிறியிருந்தது. உடுப்பு அத்தனை அடியையும் என் கையில் முழுதாக இறக்கியிருந்தது. நான் என் முன்கையை மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பார்த்தேன். மேசைதான் அசைந்தது.

உடம்பு இரும்பாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு விஷயத்தில் பலம் இருக்கிறது என்று நம்பினேன், அதுவும் இந்த லட்சணத்தில். பயமாக இருந்தது. கோகிலாவின் முகம் கண்ணில் வந்தது.

“நாளைக்கே டாக்டரைப் பாருங்க. நான் இதைக் கம்பெனிக்கு எழுதித்தான் ஆகோணும்,” என்றான் பெனடிக்ட். பிறகு தயங்கி, “ஆஸ்பத்திரியிலருந்து ஒரு செய்தி வந்திருக்குதுங்ணா,” என்றான்.

“என்னவாம்?”

“ரமீஜாக்கா அழுதாங்களாம். ‘இன்னைக்கு நான் அடிச்சதுக்குக் கொம்பன் ஒரு தடவைகூடக் கத்தலை. என் கையில இருந்த பலமும் போயிருச்சு போல. இனி வரலை’ன்னு சொன்னாங்களாம்.”

“பெனடிக்ட், அவங்களை நாளைக்கு ஒரு நாள் வரச் சொல்லு. நீ எழுதறதை நாளைக்குச் சாயங்காலம் எழுது. அதுக்கப்புறம் நானே டாக்டர்கிட்டப் போறேன்.”

“உங்களுக்குத்தான் தெரியறதில்லையே, எப்படிக் கத்துவீங்க?”

“பார்த்துக் கத்தறேன்.”

“அந்தக் கையில இன்னொரு நாளா? உடுப்புல வலது கையை அணைச்சிருவேன். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க.”

சம்மதித்தேன். உணர்ச்சியே இல்லாத கைக்கு அடியும் இல்லை என்றானது. இனி நான் முழு நடிகன். மறுநாள் காலையில் குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். இடது கையால் வலது கையை அடித்துக்கொண்டு, “ஆ” என்றேன். கொஞ்சம் தாமதமாக வந்தது. மறுபடி அடித்து, “ஆ” என்றேன். கதவுக்கு வெளியே கோகிலா, “இப்ப என்னங்க?” என்றாள். வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். “சாயந்திரம் நானும் டாக்டர்கிட்ட வர்றேன்,” என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் மருதாணி வந்தது. தோள் தொங்க மெதுவாக நடந்து வந்தது. நான் கழுத்தை மடக்கி என் வலது முன்னங்காலையே முறைத்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பது ஒரு மிருகத்துக்குச் சௌகரியமான நிலை இல்லை. கத்தி எழுந்தது, இறங்கியது. “ஐயோ!” என்றேன். காடு அதிர்ந்தது. மருதாணி அப்படியே நின்றது. தோள் நிமிர்ந்தது. மறுபடி கத்தி எழுந்தது. “அம்மாடீ!” மறுபடி. “கொல்றாளே பாவி!” அவள் அடி வேகம் பிடித்தது. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ரசிகர்கள் பக்கத்தில் அன்று சாயங்காலம் எழுதியிருந்தார்கள், செங்கொம்பன் உறுமல் இதுவரை இல்லாத அளவுக்கு உருக்கமாக இருந்ததாம், கம்பெனி புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறதாம். நிஜமாக வலித்தபோது ஒருத்தனும் உருக்கம் என்று சொல்லவில்லை.

உற்சாகம்தான் கெடுத்தது. ஒரு தடவை கத்தி மேலே போனது. நான் வழக்கம்போல, “ஐயையோ!” என்று அலறினேன். கத்தி இறங்கவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொள்ள அதை மேலேயே பிடித்திருந்தாள்.

அலறல் முடிந்து காடு அமைதியானது. கத்தி இன்னும் மேலேதான் இருந்தது. இரும்பு முகமூடி என்னைப் பார்த்தது. நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற எந்த வேட்டைக்காரனாக இருந்தாலும் மிருகத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வீடியோ போட்டிருப்பான். அவள் கத்தியை மெல்லக் கீழே இறக்கினாள். பிறகு திருப்பி, கைப்பிடிப் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். மரத்துப்போனவர்களிடம் எந்த ஊர் டாக்டரும் முதலில் செய்வது ஒன்று உண்டு. லேசாகத் தட்டிவிட்டு, ‘தெரியுதா?’ என்று கேட்பார். அவள் என் முன்னங்காலில் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

தட்டியதை நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கத்தியிருக்கலாம். மைக் வாய்க்கு முன்னால்தான் இருந்தது.

நான் கத்தவில்லை.

அவள் இன்னொரு இடத்தில் தட்டினாள். காத்திருந்தாள். அதற்கும் சற்று மேலே தட்டினாள். காத்திருந்தாள். அப்படியே மேலே மேலே வந்து, கத்தியின் முழு நீளத்துக்கு எட்டி, தோள்பட்டைக்கு அருகில் ஒரு தட்டு. அங்கே உடுப்பு அணைக்கப்படவில்லை. சின்னதாக, கதவைத் தட்டுவது போல, எனக்குத் தெரிந்தது.

“ம்,” என்றேன்.

காட்டில் அது எப்படிக் கேட்டதோ தெரியாது. அவள் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, என் காலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நேரம் முடியும் வரை இருவரும் அப்படியே இருந்தோம்.